பெட்ரோல் காரா, டீசல் காரா? குமரி மாவட்டத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது மைலேஜைத்தான். ஷோரூமில் சொல்லும் எண்ணை மட்டும் வைத்து டீசல் என்று முடிவுசெய்துவிட்டு, இரண்டு வருடத்துக்குள் எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டியோடு ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிறவர்களை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பார்க்க முடிகிறது. பத்து லட்சம் என்பது நம் ஊரில் ஒரு குடும்பம் பல வருடம் சேர்த்த பணம். அது சரியான வண்டிக்குப் போகவேண்டும் என்ற எண்ணத்தில்தான், சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எரிபொருள் விலை, வரி எல்லாம் 2025 நிலவரம். விலை மாறினால் கணக்கில் புது எண்ணைப் போட்டுப் பாருங்கள், வழிமுறை மாறாது.

ரெண்டு எஞ்சினுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்து, ஸ்பார்க் பிளக் தரும் பொறியில் பற்றி எரியும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து பதினாறு மடங்கு நெருக்கினால் அது பயங்கரமாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவியதும் தானாகவே எரியும். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்கவேண்டும். டீசலைத் தூவும் பம்ப்பும் இன்ஜெக்டர்களும் மிக நுட்பமானவை. டீசல் வண்டியின் விலை கூடுவதற்கும், பழுது வந்தால் பில் கூடுவதற்கும் இதுதான் காரணம்.

பதிலுக்குக் கிடைப்பது இரண்டு. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் 10 முதல் 15 சதவீதம் அதிக ஆற்றல் இருக்கிறது. எஞ்சினும் அதைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறது, ஆகவே மைலேஜ். இரண்டாவது, எஞ்சின் நிமிடத்துக்குக் குறைந்த சுற்றுகள் சுற்றும்போதே கிடைக்கும் இழுவை.

எல்லாம் சரி, நம்ம மாவட்டத்துக்கு எது பொருத்தம்?

பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெட்ரோல். இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். நம் சாலைகளையும் நாம் வண்டி ஓட்டும் விதத்தையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டம் முப்பது கிலோமீட்டர் சுற்றித்தான் இருக்கும். ஆனால் வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கிடக்கிற அந்தப் பாதையில் காலை நேரத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் மேம்பாலங்கள் வந்த பிறகும், பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டாவது மூன்றாவது கியரில் ஊர்ந்து போவது மாறவில்லை. நம் ஊர்களும் நெருக்கமானவை. பள்ளிக்கூடம், கோயில், சர்ச், வங்கி, சந்தை எல்லாம் நாலைந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வீட்டில் ஸ்டார்ட் செய்து வடசேரி போய் நிறுத்தினால், எஞ்சின் சூடு பிடிக்கும் முன்னாலேயே சாவியைத் திருப்பிவிடுகிறோம். அரை மணி கழித்து மறுபடி ஸ்டார்ட்.

டீசல் எஞ்சினுக்கு இந்த ஓட்டம் ஒத்துவராது. அது சூடாக அதிக நேரம் எடுக்கும். சூடான பிறகு நீண்ட தூரம் ஒரே சீராக ஓடினால்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும். ஆகவே "வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் உங்கள் வண்டி எவ்வளவு நேரம் நிற்காமல், ஓரளவு வேகத்தில் ஓடும்? வாரம் ஒருமுறையாவது ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச்சாலையில் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போகிறவர் என்றால் டீசலைப் பற்றி யோசிக்கலாம். தக்கலை, குளச்சல், நாகர்கோவில் என்று முக்கோணத்துக்குள்ளேயே சுற்றுகிறவர் வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் பெட்ரோல்தான் எடுக்கவேண்டும்.

வில்லுக்குறி வழியாகப் பல வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் நான்குவழிச்சாலை வேலை கேரள எல்லையில் இருந்து கன்னியாகுமரி வரை முழுதாக முடிந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அதை நம்பி இப்போது வண்டி வாங்க வேண்டாம்.

டிபிஎஃப் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அது என்ன?

இந்தப் பக்கத்தில் எதைத் தாண்டிப் போனாலும் இதை மட்டும் முழுதாகப் படியுங்கள்.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகள் மட்டும்தான் புதிதாகப் பதிவாகின்றன. டீசல் புகையில் வரும் கரித்துகளைத் தடுக்க, புகைக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். அதுதான் டிபிஎஃப். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் உறுதியாக அறிவித்தது. நம் பிள்ளைகள் நடந்து போகிற தெருவில் அந்தக் கரி வெளியே வராமல் தடுக்கிற பாகம் இது, நல்ல விஷயம்தான்.

ஆனால் பிடித்து வைத்த கரியை எங்காவது தீர்க்கவேண்டும் அல்லவா? வடிகட்டி நிறையும்போது, எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் கொஞ்சம் அதிக டீசலைச் செலவழித்து, புகையின் சூட்டை 600 டிகிரி வரை ஏற்றி, கரியை எரித்துச் சாம்பலாக்கும். இதை ரீஜெனரேஷன் என்பார்கள். இது முழுதாக நடக்க, வண்டி சுமார் 15 முதல் 20 நிமிடம் அறுபது கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி விடாமல் ஓடவேண்டும். பாதியில் நாம் வண்டியை நிறுத்தினால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த முறை மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். இப்படிப் பல தடவை நடந்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கி, ஆயில் நீர்த்துப்போகும். பிறகு டேஷ்போர்டில் விளக்கு எரியும், வண்டியின் இழுவை குறையும், கடைசியில் ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டி எரிக்கவேண்டி வரும். அதிலும் தீராமல் வடிகட்டியையே மாற்றவேண்டி வந்தால், டீசலில் பல வருடம் மிச்சம் பிடித்த பணம் ஒரே பில்லில் போய்விடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். களியக்காவிளைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் இருபது நிமிடம் நிற்காமல் அறுபதில் ஓட்டக்கூடிய இடம் எங்கே இருக்கிறது?

ஏற்கெனவே பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் பயப்படவேண்டாம். பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டியை ஆரல்வாய்மொழி, காவல்கிணறு வழியாக நான்குவழிச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஐந்தாவது ஆறாவது கியருக்குப் போய் எஞ்சினைத் திணறவிடாமல், ஒரு கியர் குறைவாக வைத்து 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டுவது நல்லது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அதைக் கவனிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. முதல் தடவை எரியும்போதே இந்த ஓட்டத்தை ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். எஞ்சின் ஆயில், எரிந்தால் குறைவாகச் சாம்பல் விடும் கம்பெனி சொன்ன ரகமாகவே இருக்கட்டும். விலை குறைவு என்று வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டிதான் அடைபடும்.

சிலர் டிபிஎஃபைக் கழற்றிவிட்டுக் குழாயை ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சட்டப்படி தவறு, வாரண்டியும் போகும், அந்தக் கரி முழுதும் நம் தெருவில்தான் விழும்.

பணக்கணக்கை ஒருமுறை போட்டுக் காட்ட முடியுமா?

ஒரே மாடல் காரில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையில் ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய். நம் சாலையில் பெட்ரோல் வண்டி 14, டீசல் வண்டி 18 கிலோமீட்டர் தருகிறது என்று எடுத்துக்கொள்வோம்.

பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு. டீசலுக்கு 5 ரூபாய் 15 காசு சுமார். மிச்சம் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். ஒன்றரை லட்சத்தை எடுக்க 75,000 கிலோமீட்டர் ஓடவேண்டும்.

இதோடு முடியவில்லை. அந்த ஒன்றரை லட்சத்தையும் கடனில் எடுத்தால், 9 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத்தில் திருப்பிக் கட்டுவது 1 லட்சத்து 87 ஆயிரம் ஆகிவிடும். டீசலுக்குச் சர்வீஸ் செலவும் வருடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கூடும். வண்டியின் விலை அதிகம் என்பதால் இன்சூரன்சும் கூடும். வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எரிபொருளில் மிச்சம் 20,000. கூடுதல் செலவைக் கழித்தால் 17,000. போட்ட பணம் திரும்ப பதினோரு வருடம். அதே வண்டியை வருடம் 25,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய நாலு வருடத்தில் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கை உங்கள் எண்களை வைத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கம்பெனி விளம்பரத்தில் வரும் மைலேஜை மட்டும் அதில் போடாதீர்கள். அது ஆய்வுக்கூட எண். அதே வண்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடம், டேங்க் நிரப்பி ஓட்டி மறுபடி நிரப்பிப் பார்த்த மைலேஜ் என்ன என்று கேளுங்கள்.

அப்பா காலத்தில் டீசல்தான் லாபம் என்றார்கள். இப்போது ஏன் மாறியது?

அப்பா சொன்னது அன்றைக்குச் சரி. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது. டீசலுக்கு மட்டும் மானியம் தொடர்ந்தது. 2012ல் இரண்டுக்கும் விலை இடைவெளி லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல். அந்த இடைவெளியில் யார் வாங்கினாலும் டீசல் லாபம்தான். 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போனது. இடைவெளி சுருங்கிச் சுருங்கி இப்போது எட்டு ஒன்பது ரூபாய்.

அதோடு 2020ல் பிஎஸ்6 வந்தபோது டீசல் எஞ்சினைச் சுத்தப்படுத்தும் செலவு கூடியது. மாருதி டீசலையே விட்டது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா சின்ன டீசல்களை நிறுத்தின. ஹோண்டா 2023ல் நிறுத்தியது. சின்ன கார்களில் டீசல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இப்போது டீசல் என்றால் ஹூண்டாய், கியா, டாடா, மஹிந்திரா, டொயோட்டா ஆகியவற்றின் பெரிய வண்டிகளில்தான் அதிகம்.

சாலை வரியில் ஏதாவது வித்தியாசம் வருமா?

வரும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 5 முதல் 10 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். பெட்ரோலில் ஒன்பதரை லட்சம் இருக்கும் வண்டி டீசலில் பத்தரை லட்சம் ஆகிறது என்றால், விலையில் ஒரு லட்சம் கூடுவதோடு வரியும் சுமார் 65,000 ரூபாய் கூடிவிடும். ஷோரூமில் "டீசலுக்கு ஒரு லட்சம்தான் அதிகம் சார்" என்றால், ஆன்ரோடு விலையை இரண்டுக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியிலும் மாற்றம் உண்டு. நாலு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும், அல்லது 1,500 சிசிக்குள் டீசல் எஞ்சினும் இருந்தால் 18 சதவீதம். மற்றவற்றுக்கு 40 சதவீதம்.

எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஏத்தத்தில் பெட்ரோல் வண்டி மூச்சு வாங்காதா?

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்துக்காரர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது.

இழுவையில் டீசல் நிஜமாகவே வேறு ரகம். ஒரு சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 113 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது, அதுவும் 4,400 சுற்றில்தான். 1.5 லிட்டர் டீசல் 250 நியூட்டன் மீட்டரை 1,500 சுற்றிலேயே தந்துவிடும். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, டிக்கியில் ரப்பர் ஷீட் கட்டும் வைத்து, மழையில் நனைந்த ஏத்தத்தில் நின்று புறப்படும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். டீசல் முதல் கியரில் அமைதியாக ஏறிவிடும். சின்ன பெட்ரோல் எஞ்சினைக் கத்தவிட்டுக் கிளட்சைப் பிடித்து ஏற்றவேண்டும், கிளட்ச் சீக்கிரம் தேயும்.

தினமும் சுமையோடு தோட்டத்துக்கு ஏறி இறங்குகிறவர் மஹிந்திராவின் பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி வண்டி பார்க்கலாம். அங்கே டீசல் நியாயமான தேர்வு. அப்போதும் டிபிஎஃபுக்காகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓட்டும் அந்த நெடுஞ்சாலை ஓட்டத்தை விடாதீர்கள். தோட்டத்துப் பாதையில் சுமை இழுத்தாலும் வேகம் கிடைப்பதில்லை.

ஆனால் வாரம் ஒருமுறை பால்வெட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுக்கப் போய் வருகிறவருக்கு இதற்காக டீசல் தேவையில்லை. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ வைத்த 1.0 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் 170 நியூட்டன் மீட்டர் அளவுக்கு 1,500 சுற்றிலேயே தருகின்றன. நம் ஏத்தங்களுக்கு அது தாராளம். காலை அழுத்தி ஓட்டினால் பெட்ரோலைக் குடிக்கும் என்பது ஒன்றுதான் அதன் குறை.

நான் வளைகுடாவில் வேலை. வண்டி வருஷத்தில் பத்து மாசம் வீட்டில் நிற்கும். எது வாங்க?

பெட்ரோல். இதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. நம் மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடுகளில் ஷீட் போட்டு மூடிய கார் நிற்கிறது. லீவுக்கு வந்த மகன் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டிவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் அப்பா வாரம் ஒருமுறை முற்றத்தில் ஸ்டார்ட் போட்டு ஐந்து நிமிடம் வைத்துவிட்டு அணைப்பார்.

டீசலுக்கு அந்த ஐந்து நிமிடம் நன்மையைவிடக் கெடுதல்தான் செய்யும். எஞ்சின் சூடாகாமல் கரி மட்டும் சேரும். பெட்ரோலுக்கும்கூட ஸ்டார்ட் போட்டு நிறுத்துவதில் பெரிய பலன் கிடையாது. யாராவது வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் பேட்டரி, பிரேக், டயர், ஏசி எல்லாம் நன்றாக இருக்கும். ஓட்ட ஆள் இல்லையென்றால் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள், டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். மூடியிருக்கும் ஷீட்டுக்குள் ஈரம் நின்றால் துரு வரும். காற்று புகுந்து போகும் உறை போதும்.

டாக்ஸி ஓட்டப் போகிறேன். அப்போதும் பெட்ரோலா?

உங்களுக்கு டீசல். கன்னியாகுமரியில் இருந்து ராமேஸ்வரம், மதுரை, திருவனந்தபுரம் விமான நிலையம் என்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகிற வண்டி வருடத்துக்கு அறுபது எழுபதாயிரம் கிலோமீட்டர் சாதாரணமாக ஓடும். நெடுஞ்சாலை ஓட்டம், ஏழு பேர், ஏசி நிற்காது. டீசலுக்காகக் கூடுதலாகப் போட்ட பணம் ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். இன்னோவா கிரிஸ்டா இன்றும் டீசலில் மட்டுமே வருவதும், டாக்ஸிக்காரர்கள் அதை விடாமல் இருப்பதும் இதனால்தான். உள்ளூர் சவாரி மட்டும் ஓட்டும் சின்ன டாக்ஸி என்றால் கதை வேறு. போகும் வழியில் பங்க் இருந்தால் சிஎன்ஜியைப் பாருங்கள்.

ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்குவழிச்சாலையில் வேகமாக வந்து நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் எஞ்சினை அமைதியாக ஓடவிட்டு அணையுங்கள். டர்போ வெகுகாலம் உழைக்கும்.

பழைய டீசல் கார் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

2017 முதல் 2020 வரை வந்த, பிஎஸ்6க்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படியான டீசல் வண்டிகளுக்கு இன்னும் நல்ல மதிப்பு உண்டு. அந்தக் காலத்துச் சின்ன டீசல்கள் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டித் தொல்லை கிடையாது. மாருதி, டாடா, ஃபியட் எல்லாம் பயன்படுத்திய அந்த 1.3 லிட்டர் எஞ்சின் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கரதலப்பாடம். உதிரிபாகமும் தாராளமாகக் கிடைக்கும்.

பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் போட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். முதல் ஸ்டார்ட்டில் இழுத்து இழுத்துப் பிடித்தால், நீலப் புகையோ விடாமல் வெள்ளைப் புகையோ வந்தால் கவனம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளக்கூடாது. மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் அழுத்திப் பாருங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போய்விட்டது. சர்வீஸ் வரலாற்றை கம்பெனியில் கேட்டு வாங்குங்கள்: ஏழு வருட டீசல் 50,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால், மீட்டரைத் திருப்பியிருக்க வாய்ப்பு அதிகம். யாரும் அவ்வளவு குறைவாக ஓட்டுவதற்கு அன்றைக்கு டீசல் வாங்கவில்லை.

கேரளப் பதிவு வண்டி என்றால் இன்னும் இரண்டு விஷயம். அந்த ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே நாகர்கோவிலில் டிஎன் 74 என்றோ மார்த்தாண்டத்தில் டிஎன் 75 என்றோ மறுபதிவு செய்யவேண்டும். தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கட்டவேண்டும். வண்டி மலிவாகத் தெரிந்தாலும் இந்தச் செலவைச் சேர்த்துக் கூட்டிய பிறகு விலை பேசுங்கள். 2018 கேரள வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் பல கைமாறியிருக்கின்றன. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் சேறு படிந்த கறை இருக்கிறதா என்றும், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரும்பில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் எஞ்சினைக் கெடுக்கும் என்கிறார்களே?

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் குறைவாக, பழைய வண்டிகளில் கூடுதலாக. புது வண்டி வாங்குகிறவர் எஞ்சின் கெடும் என்று பயப்படவேண்டாம், அதன் ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்கேற்றவை. பழைய பெட்ரோல் வண்டி வாங்குகிறவர்தான் எரிபொருள் குழாய்களை ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டவேண்டும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர் மழைக்கு, மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கைப் பாதியோடு விடாமல் நிரப்பி வைப்பது நல்லது.

மழை வெள்ளம், கடல் காற்று. இதில் எது தாங்கும்?

உப்புக்காற்றுக்குப் பெட்ரோல், டீசல் பேதம் தெரியாது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீடு என்றால் எந்த வண்டியானாலும் அடிப்பாகத்துக்குத் துரு தடுப்புப் பூச்சு அடித்து, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடியையும் சேர்த்துக் கழுவுங்கள்.

தண்ணீர் வேறு விஷயம். 2017ல் ஒக்கி புயலையும் 2023 டிசம்பர் மழையையும் பார்த்த ஊர் நமது. தேங்கிய தண்ணீரில் போய் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டால், எந்த எஞ்சினானாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீரை நெருக்க முடியாது. பிஸ்டன் தண்டு வளைந்துவிடும். டீசலில் நெருக்கும் இடம் சின்னது என்பதால் அது வளைய இன்னும் குறைவான தண்ணீரே போதும். கயிறு கட்டி இழுத்துப்போய் மெக்கானிக்கிடம் விடுங்கள். சாதாரண இன்சூரன்சில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, அதை எடுத்து வையுங்கள்.

திருவனந்தபுரத்துக்கு அடிக்கடி போகிறோம். எங்கே எண்ணெய் போட?

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். கேரளத்தில் வரியும், 2023ல் சேர்த்த லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் தொகையும் சேர்ந்து விலை நம் பக்கத்தைவிட அதிகம். கேரளப் பதிவு வண்டிகள் எல்லையில் நம் பங்க்குகளில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பத்து வருஷத்தில் டீசல் வண்டியைத் தடை செய்துவிடுவார்களா?

பத்து வருட டீசலுக்கான கட்டுப்பாடு டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் பதிவு பதினைந்து வருடம். அதன்பிறகு எஃப்சி எடுத்து ஐந்து ஐந்து வருடமாக நீட்டிக்கலாம். 2023ல் ஒரு மத்திய அரசுக் குழு, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் 2027க்குள் டீசல் கார்களை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அதை ஏற்கவில்லை என்று அரசு அப்போதே சொல்லிவிட்டது. நாகர்கோவில் அந்த அளவுக்குப் பெரிய நகரமும் அல்ல. தடையை நினைத்துப் பயந்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் விற்கும்போது வாங்குகிறவரின் மனதில் அந்தப் பயம் இருக்கும் என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஹைப்ரிட் நல்லதா?

நின்று நின்று போகும் நம் தேசிய நெடுஞ்சாலைக்கு ஹைப்ரிட்போல் பொருந்துவது வேறில்லை. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி அது. ஊர்ந்து போகும்போது மோட்டார் ஓட்டும், பெட்ரோல் எஞ்சின் அணைந்திருக்கும். விலைதான் இடிக்கும், மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள்.

பங்க்கில் மாற்றி ஊற்றிவிட்டால் என்ன செய்ய?

டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. பெட்ரோல் குழாயின் முனை சிறியது, டீசல் டேங்க் வாயில் எளிதாக நுழைந்துவிடும். வீட்டில் ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல் என்று இரண்டு வண்டி இருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். டீசலின் வழுவழுப்பில்தான் அந்த உயர் அழுத்தப் பம்ப் தேயாமல் ஓடுகிறது. பெட்ரோல் போனால் இரும்பும் இரும்பும் உரசி, இன்ஜெக்டர் வரை பொடி பரவும்.

தெரிந்த உடனே செய்யவேண்டியது: சாவியைத் தொடாதீர்கள். பல வண்டிகளில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்தாலே டேங்கில் இருக்கும் பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். வண்டியை நியூட்ரலில் ஓரமாகத் தள்ளிவிட்டு, டேங்கை முழுதாக வடிக்கச் சொல்லி மெக்கானிக்கை அங்கேயே வரச்சொல்லுங்கள். எஞ்சின் ஓடாதவரை செலவு அந்த எரிபொருளோடும் கூலியோடும் முடிந்துவிடும். பில்லையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த எரிபொருள் என்று அதில் அச்சாகியிருக்கும். பணம் கேட்டுப் பேசவேண்டி வந்தால் அதுதான் சாட்சி.